லேப்டாப்ல ஓடுச்சு, வாடில ஓடல: ரிக்வயரும் இம்போர்ட்டும் படுத்துன பாடு

தடைக்காலம் முடிஞ்சு முதல் பாடு கரைக்கு வந்த அன்னைக்கு, மண்டபம் வடக்குக் கடற்கரைப் பக்கம் இருக்குற ஒரு மீன் வாடில (மீன எடை போட்டு வாங்குற கொட்டகை) விடியக்காலைல பில் போடுற ப்ரோகிராம் நின்னுபோச்சு. அந்த ப்ரோகிராம எழுதிக் குடுத்தது நான்தான். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு தெர்மல் பிரிண்டர், நோட் ஜேஎஸ்ல (ஜாவாஸ்கிரிப்ட் ப்ரோகிராம கம்ப்யூட்டர்ல ஓட்டுற மென்பொருள், சுருக்கமா நோட்) எழுதுன கணக்கு, அவ்வளவுதான் சமாச்சாரம், ஆனா அன்னைக்கு வெளிய இறாலும் நண்டும் கணவாயும் கூடை கூடையா இறங்கிட்டு இருக்கு, ஐஸ் உருகுது, படகு வச்சிருக்குற சம்மாட்டிங்க எல்லாம் வாசல்லயே நிக்கிறாங்க, ஏன்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தொழில் இல்லாம முன்பணம் வாங்கித்தான் குடும்பம் ஓடிருக்கு, முதல் பில்லுல எவ்வளவு கழிப்பாங்க எவ்வளவு கைல வரும்னு தெரிஞ்சாத்தான் அவங்களுக்கு மூச்சு வரும்.

நமக்கு ஊரு பாம்பன். அடிச்சுப் பிடிச்சு பஸ்ஸ புடிச்சு மண்டபம் போய் இறங்குறதுக்குள்ள மூணு போன் வந்துருச்சு.

முதல்ல ப்ரோகிராம் என்ன பண்ணுதுன்னு சொல்லிடுறேன், இல்லன்னா பின்னாடி சொல்றது புரியாது. வாடிக்கு ரெண்டு எடை போடுற இடம், வடக்குக் கடற்கரைல ஒண்ணு, தெக்க ஒண்ணு. ரெண்டு இடத்துலயும் நெட் எப்ப இருக்கும் எப்ப போகும்னு சொல்ல முடியாது. அதனால ரெண்டு கம்ப்யூட்டரும் தனித்தனியா பில் போட்டு சாயங்காலம் ஒண்ணா சேத்துக்கும். ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா பில் நம்பர் போட்டா ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் வந்து முட்டிக்கும், அதுக்காக நானோஐடின்னு ஒரு சின்ன பேக்கேஜ் (மத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு) வச்சு முட்டாத மாதிரி நம்பர் உண்டாக்குனேன். ஒரு ஃபைலுக்குள்ள இன்னொரு ஃபைல எடுக்குறதுக்கு நோட்ல ரெண்டு முறை இருக்கு, ரிக்வயர் போடுற பழைய காமன்ஜேஎஸ், இம்போர்ட் போடுற புது இஎஸ் மாட்யூல், சுருக்கமா இஎஸ்எம். நான் 2022ல எழுதுனது எல்லாமே ரிக்வயர் போட்ட பழைய முறை. மூணு வருஷம் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு.

2025 தடைக்காலத்துல கைல நேரம் இருந்துச்சு. பேக்கேஜ் எல்லாம் பழசா கெடக்கேன்னு என் லேப்டாப்ல எல்லாத்தையும் புது வெர்ஷனுக்கு ஏத்துனேன். நானோஐடி 3ல இருந்து 5க்கு போச்சு. ஓட்டிப் பாத்தேன், ஒரு வார்த்தை சொல்லாம ஓடிருச்சு, பில் வந்துச்சு, நம்பர் வந்துச்சு. அப்படியே கொண்டுபோய் வாடி கம்ப்யூட்டர்ல போட்டு இன்ஸ்டால் பண்ணேன், இன்ஸ்டாலும் ஒழுங்காத்தான் முடிஞ்சது. அங்க ஒரு தடவ ஒரு பில் போட்டுப் பாத்துருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்கும். போட்டுப் பாக்கல. லேப்டாப்ல ஓடுனது போதும்னு கெளம்பி வந்துட்டேன்.

அன்னைக்கு காலைல கருப்பு விண்டோல நின்ன மெசேஜ் இதுதான்: எர்ர் ரிக்வயர் இஎஸ்எம். அதுக்குக் கீழ, நானோஐடி ஃபோல்டருக்குள்ள இருக்குற இண்டெக்ஸ் ஃபைல் ஒரு இஎஸ் மாட்யூல், அத பில் ஃபைல்ல இருந்து ரிக்வயர் பண்ண முடியாது, வேணும்னா டைனமிக் இம்போர்ட்டா (ப்ரோகிராம் ஓடுறப்ப நடுவுல எடுக்குற இம்போர்ட்) மாத்திக்கோன்னு நீளமா ஒரு வரி.

இந்த மெசேஜ நிறைய பேரு முழுசா படிக்கிறதில்ல. எரர் பேரை மட்டும் காப்பி பண்ணித் தேடி, கெடச்ச முதல் பதிலை ஒட்டிட்டு வேற ஒரு எரர வாங்கிட்டு வருவாங்க. அதுல ரெண்டு ஃபைல் பேரு இருக்கு பாருங்க, அதுதான் மொத்த விஷயமும். கூப்புடுறது எந்த ஃபைல், கூப்புடப்படுறது எந்த ஃபைல். கூப்புடுற என் பில் ஃபைல் காமன்ஜேஎஸ், கூப்புடப்படுற நானோஐடி ஃபைல் இஎஸ்எம். எந்த மாட்யூல் எரர் வந்தாலும் நான் இப்பல்லாம் முதல்ல ஒரு பேப்பர்ல இந்த ரெண்டு பேரையும் எழுதி, பக்கத்துல இது எந்த வகை அது எந்த வகைன்னு குறிச்சுக்கிறேன், அதுக்கப்புறம்தான் கீபோர்டுல கை வைக்கிறது.

வகைய எப்படிக் கண்டுபுடிக்கிறது? ஃபைலுக்குள்ள இம்போர்ட்னு எழுதிருக்கா ரிக்வயர்னு எழுதிருக்காங்குறத மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது. ஃபைல் பேரு எம்ஜேஎஸ்னு முடிஞ்சா அது இஎஸ்எம், சிஜேஎஸ்னு முடிஞ்சா காமன்ஜேஎஸ், இதுல பேச்சே இல்ல. வெறும் ஜேஎஸ்னு முடிஞ்சா அந்த ஃபைல் இருக்குற ஃபோல்டர்ல இருந்து மேல மேல போய், முதல்ல கெடைக்கிற பேக்கேஜ் ஜேசன்ல (ப்ராஜெக்ட்டோட விவரம் எழுதிருக்குற ஃபைல்) டைப் என்ன போட்டிருக்குன்னு பாக்கணும். மாட்யூல்னு இருந்தா இஎஸ்எம், ஒண்ணுமே போடலன்னா வழக்கமா காமன்ஜேஎஸ். புது நோட் வெர்ஷன்கள் டைப் போடாத ஃபைலுக்கு உள்ள இருக்குற எழுத்தப் பாத்து தானே ஊகிக்கும், ஆனா அத நம்பி விடாம டைப்ப நீங்களே எழுதி வச்சிருங்க, நாளைக்கு வேற வெர்ஷன் இருக்குற மெஷின்ல ஓட்டுறப்ப அது உங்களைக் காப்பாத்தும்.

சரி, அப்ப என் லேப்டாப்ல மட்டும் ஏன் ஓடுச்சு? அங்க நோட் 22. நோட் 22.12 வந்ததுல இருந்து ரிக்வயர் போட்டே இஎஸ்எம் ஃபைல எடுக்க விட்டுருச்சு, ஃப்ளாக்னு கட்டளையோட சேத்துக் குடுக்குற தனிக் குறிப்பு எதுவும் வேணாம். வாடி கம்ப்யூட்டர்ல நான் 2022ல போட்ட நோட் 18 அப்படியே இருந்துச்சு, அது விடாது. நானோஐடி 5 நோட் 18லயும் ஓடும், இம்போர்ட் பண்ணா ஓடும், ரிக்வயர் பண்ணா ஓடாது, அதனாலதான் இன்ஸ்டால் பண்றப்ப ஒரு எச்சரிக்கை கூட வரல. ஒரே கோடு, ஒரே பேக்கேஜ், நோட் வெர்ஷன் மட்டும் வேற.

அன்னைக்கு நான் செஞ்ச தப்பயும் சொல்லணும். எரர் மெசேஜே டைனமிக் இம்போர்ட் போடுன்னு சொல்லுதேன்னு, பில் நம்பர் குடுக்குற ஃபங்க்‌ஷனுக்குள்ள அவெய்ட் இம்போர்ட் போட்டேன். அவெய்ட்னா பதில் வர்ற வரைக்கும் காத்திருன்னு அர்த்தம், அது போட்டா அந்த ஃபங்க்‌ஷன அசிங்க், அதாவது பதில பின்னாடி குடுக்குற வகையா ஆக்கணும், ஆக்கினேன். ப்ரோகிராம் கெளம்பிருச்சு, எனக்கு உசுரே வந்துச்சு. முதல் பில் அடிச்ச உடனே எடை போடுற அக்கா பேப்பரக் கிழிச்சு உத்துப் பாத்துட்டு, "தம்பி, நம்பர் இருக்குற எடத்துல என்னமோ இங்கிலீஷ்ல வந்துருக்கு, இத எப்படி நோட்டுல ஏத்துறது?"ன்னு நீட்டுனாங்க. பில் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல ஆப்ஜெக்ட் ப்ராமிஸ்னு அடிச்சிருந்துச்சு. அடுத்த பில்லுக்கும் அதே. எல்லா பில்லுக்கும் ஒரே நம்பர்னா சாயங்காலம் சேக்குறப்ப ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மொத்தக் கணக்கும் போயிருக்கும். அந்த அக்கா படிச்சுப் பாக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.

ஏன் அப்படி வந்துச்சுன்னா, பாம்பன் பாலத்துல படகு நிக்கிறதப் பாத்தவங்களுக்கு சுலபமா புரியும். தென்கடல்ல இருந்து வடகடலுக்கு பெரிய படகும் மிதவையும் போகணும்னா தூக்குப் பாலம் திறக்குற வரைக்கும் நிக்கணும். முன்னாடி நிக்கிற படகு மட்டும் நின்னாப் போதாது, அதுக்குப் பின்னாடி வர்றதும் நிக்கணும், நிக்காம வந்தா முட்டும். அவெய்ட் அதே மாதிரிதான். பில் நம்பர் ஃபங்க்‌ஷன் காத்திருக்குன்னா அதக் கூப்புடுற பில் ஃபங்க்‌ஷனும் காத்திருக்கணும், அதக் கூப்புடுற பிரிண்ட் ஃபங்க்‌ஷனும் காத்திருக்கணும், மேல வரைக்கும் எல்லா இடத்துலயும் அவெய்ட் போட்டுட்டே போகணும். நான் ஒரு இடத்துல மட்டும் போட்டேன். மத்ததெல்லாம் காத்திருக்காம, நம்பர் வர்றதுக்கு முன்னாடியே, நம்பர் வரும்ங்குற வாக்குறுதிய மட்டும் வாங்கி அப்படியே பேப்பர்ல அடிச்சிருச்சு.

ஆளுங்க நிக்கிற நேரத்துல பத்து ஃபங்க்‌ஷன மாத்துறது ஆபத்து. எழுதுனதெல்லாம் அழிச்சு பழையபடி ஆக்கிட்டு, போன் ஹாட்ஸ்பாட்ட போட்டு நானோஐடி 3ஐ திரும்ப இன்ஸ்டால் பண்ணேன். அந்த 3ல காமன்ஜேஎஸ் இன்னும் இருக்கு. பில் நம்பர் நம்பராவே வந்துச்சு. தப்பா அடிச்ச பில் எல்லாத்தையும் அக்காவும் நானும் உக்காந்து கையால எழுதி மாத்துனோம், ஒரு சம்மாட்டி கணக்கு கூட விடாம.

நடு ராத்திரியோ ஆளு நிக்கிற நேரமோ இந்த எரர் வந்தா முதல்ல பழைய வெர்ஷனுக்குப் போங்க. இது தோல்வி இல்ல. நானோஐடிக்கு 3, திரைல எழுத்துக்கு கலர் குடுக்குற சாக் பேக்கேஜுக்கு 4, நெட்ல இருந்து தகவல் எடுக்குற நோட்-ஃபெட்சுக்கு 2, இதெல்லாம் ரிக்வயருக்கு ஒத்துப்போற கடைசிப் பெரிய வெர்ஷன்கள். நோட்-ஃபெட்ச் விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு, நோட் 18லயே ஃபெட்ச் உள்ளயே வருது, அந்த பேக்கேஜே வேணாம், தூக்கிப் போட்டா பிரச்சனையும் சேந்து போயிரும். எத்தனை பேரு இல்லாத தேவைக்கு ஒரு பேக்கேஜ வச்சுக்கிட்டு அதோட வெர்ஷனுக்காக ராத்திரி முழிக்கிறாங்கன்னு நெனச்சா கஷ்டமா இருக்கு.

இந்த ரெண்டு முறையும் ஏன் சேர மாட்டேங்குதுன்னு அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். 2009ல நோட் வந்தப்ப ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ள மாட்யூல்ங்குறதே கெடையாது, அதனால காமன்ஜேஎஸ் முறைய எடுத்துக்கிட்டாங்க. 2015ல மொழிக்கே இம்போர்ட்டும், ஒரு ஃபைல் தன் சாமான வெளிய குடுக்குற எக்ஸ்போர்ட்டும் வந்துச்சு. நோட்ல ஃப்ளாக் இல்லாம அது ஓடுறதுக்கு 2019 கடைசில வந்த நோட் 13.2 வரைக்கும் ஆயிருச்சு. அதுக்குள்ள எழுதிக் குவிச்சதெல்லாம் ரிக்வயர்ல. ரிக்வயர் அந்த வரிக்கு வந்த உடனே ஃபைல படிச்சு, ஓட்டி, கைல குடுத்துட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும். இம்போர்ட் அப்படி இல்ல, முதல்ல எல்லா ஃபைலயும் படிச்சு எது எதோட சேருதுன்னு முடிச்சுப் போட்டுட்டு அதுக்கப்புறம்தான் ஓட்டும், நடுவுல ஃபைலோட மேல்மட்டத்துலயே அவெய்ட் கூட வரலாம். உடனே குடுன்னு கேக்குறவன்கிட்ட கொஞ்சம் நில்லுன்னு சொல்ற பொருளக் குடுக்க முடியாதுல்ல. நோட் 22லயும் அந்த மேல்மட்ட அவெய்ட் எங்கயாவது இருந்தா ரிக்வயர் இன்னும் மறுக்கத்தான் செய்யும். இன்னொண்ணு, நோட் 22ல ரிக்வயர் போட்டு இஎஸ்எம் பேக்கேஜ எடுத்தா வழக்கமா டீஃபால்ட்ங்குற பேருக்குள்ளதான் சாமான் இருக்கும், நேராக் கூப்புட்டா இது ஃபங்க்‌ஷனே இல்லன்னு சொல்லும். நானோஐடில பேர் சொல்லி எடுக்குற எக்ஸ்போர்ட்ங்குறதால என் லேப்டாப்ல அது கூட வரல.

ஆடி மாசத்துக்கப்புறம் மொத்த ப்ரோகிராமையும் இஎஸ்எம்க்கு மாத்தலாம்னு முடிவு பண்ணேன். எல்லாரும் மாத்தணும்னு நான் சொல்லல. ஓடிட்டு இருக்குற பழைய ப்ராஜெக்ட்டுக்கு நோட் வெர்ஷன ஏத்துறது போதும்னா அதோட விட்டுருங்க. நோட் 18க்கு 2025 ஏப்ரலோட ஆதரவு முடிஞ்சதுங்குறதால எப்படியும் ஏத்தித்தான் ஆகணும். எனக்கு இந்த வாடி கணக்க இன்னும் பல வருஷம் பாத்துக்கணும், அதனால மாத்துனேன்.

டைப் மாட்யூல்னு ஒரு வரி போட்ட உடனே ப்ராஜெக்ட் பூரா எரர். ஒவ்வொண்ணா வந்தது நல்லதுதான். பக்கத்து ஃபைல இம்போர்ட் பண்றப்ப கடைசில டாட் ஜேஎஸ் போடாம விட்டா மாட்யூலக் காணோம்னு நிக்கும், முன்ன ரிக்வயர் தானே தேடிப் புடிச்சுக்கும், இது தேடாது. கான்ஃபிக் ஃபைல் ரெண்டு பழைய முறைல இருந்துச்சு, அதோட பேர சிஜேஎஸ்னு மாத்துனதோட சரி. பிரிண்டர் பேக்கேஜ் இன்னும் காமன்ஜேஎஸ்தான், அதுல பேர் சொல்லி எடுக்கப்போனா அந்தப் பேருல எக்ஸ்போர்ட் இல்லைன்னுச்சு, டீஃபால்ட்டா மொத்தமா எடுத்து அடுத்த வரில பிரிச்சுக்கிட்டேன், ஓடிருச்சு. இஎஸ்எம் காமன்ஜேஎஸ இம்போர்ட் பண்றதுக்கு எப்பவுமே தடை இல்ல, தகராறெல்லாம் எதிர்த்திசைலதான்.

ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற டர்நேம் இல்லைன்னு வந்தது கொஞ்சம் சுத்த விட்டுச்சு. அதுக்குப் பதிலா இம்போர்ட் மெட்டா யூஆர்எல்ல இருந்து பாதைய எடுக்கணும். நான் நேரா அதோட பாத்நேம எடுத்தேன், வாடி கணக்குன்னு தமிழ்ல பேரு வச்ச ஃபோல்டர் பூரா சதவீதக் குறியா மாறி, விண்டோஸ் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லைன்னுருச்சு. ஃபைல்யூஆர்எல்டுபாத்னு ஒரு ஃபங்க்‌ஷன் இருக்கு, அதுல குடுத்து எடுத்தா சரியா வரும். நோட் 20.11க்கு மேலன்னா இம்போர்ட் மெட்டா டர்நேம்னே நேரா கெடைக்கும்.

இஎஸ்எம்ல எப்பவுமே ஸ்ட்ரிக்ட் மோடு, அதாவது அசால்ட்டா எழுதுனத விடாத கண்டிப்பான முறை. முன்பணம் கழிக்கிற லூப்புல ஒரு வேரியபிள்கு லெட் போடாம விட்டிருந்தேன், மூணு வருஷமா அது குளோபலா, அதாவது ப்ரோகிராம் பூராவுக்கும் பொதுவா ஓடிட்டு இருந்துருக்கு. மாத்துன அன்னைக்கு அது டிஃபைன் ஆகலன்னு நின்னுச்சு. காசு கழிக்கிற இடம்ங்குறதால எனக்கு நெஞ்சு அடிச்சிருச்சு, பழைய பில் எல்லாத்தையும் எடுத்து வச்சு சரி பாத்தேன், நல்லவேளை ஒரு கணக்கும் தப்பா போகல.

இதெல்லாம் கூட பரவால்ல, எரர் வந்து நின்னுச்சு, பாத்து சரி பண்ணேன். ரொம்பப் பயந்தது எரரே வராத ஒண்ணுக்குத்தான். என் மெயின் ஃபைல்ல முதல் வரி என்வ் மதிப்புகள (ப்ரோகிராமுக்கு வெளிய எழுதி வைக்கிற அமைப்புகள்) ஏத்துற டாட்என்வ கூப்புட்டு கான்ஃபிக் பண்றது, ரெண்டாவது வரி சேமிப்பு ஃபைல எடுக்குறது. சேமிப்பு ஃபைல் ஆரம்பத்துலயே கணக்க எந்த ஃபோல்டர்ல வைக்கணும்னு என்வ் மதிப்பப் படிக்கும், அது இல்லன்னா டேட்டான்னு ஒரு ஃபோல்டர்ல வச்சிரும். ரிக்வயரா இருந்தப்ப எழுதுன வரிசைல ஓடுச்சு. இம்போர்ட்டா மாத்துனதுக்கப்புறம், நான் சொன்னேன்ல, எல்லா இம்போர்ட்டும் முதல்ல ஓடும், நீங்க நடுவுல எழுதுன வரி அதுக்கப்புறம்தான். அதனால சேமிப்பு ஃபைல் முந்திக்கிச்சு, என்வ் மதிப்பு அப்ப காலியா இருந்துச்சு, கணக்கெல்லாம் டேட்டா ஃபோல்டர்ல போய் உக்காந்துருச்சு. பில் அழகா அடிக்குது, நம்பர் சரி, எடை சரி, எரர் இல்ல. சாயங்காலம் சேக்குறப்ப வடக்குப் பக்கம் மொத்தம் சைபர்.

இத நான் புடிச்சது ஒரு வாரம் பழைய ப்ரோகிராமையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டுனதாலதான். அக்கா பழைய ப்ரோகிராம்ல பில் போடுவாங்க, அதே எடைய நான் புதுசுல தட்டுவேன், ராத்திரி ரெண்டு மொத்தத்தையும் பாப்போம். தீர்வு சின்னதுதான், முதல் வரில டாட்என்வ் கான்ஃபிக்க அதுவே ஒரு இம்போர்ட்டா எழுதிட்டா எழுதுன வரிசைலயே முதல்ல ஓடிரும், இல்லன்னா நோட் 20.6ல இருந்து என்வ் ஃபைல கட்டளையிலயே குடுக்கலாம். ஆனா ரெண்டும் சேத்து ஓட்டலன்னா அந்த சின்ன தீர்வு என்னன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது.

கீழக்கரைல இருந்து ஒரு தம்பி போன மாசம் போன் பண்ணான். "அண்ணே, நான் ரிக்வயர்னு எங்கயுமே எழுதல, எல்லாமே இம்போர்ட்தான், ஆனா ரிக்வயர் பண்ணாதன்னு எரர் வருது, எப்படிண்ணே?"ன்னான். காரணம் டைப்ஸ்கிரிப்ட், அது ஜாவாஸ்கிரிப்டா மாத்தி ஓட்டுற மொழி. அவன் எழுதுறது இம்போர்ட், டைப்ஸ்கிரிப்ட் அத மாத்தி எழுதி வைக்கிறது ரிக்வயர். மாத்துனதுக்கப்புறம் வர்ற ஃபோல்டரத் தொறந்து பாருன்னேன், பாத்துட்டு அவனே சிரிச்சுட்டான். டைப்ஸ்கிரிப்டோட அமைப்பு ஃபைலான டிஎஸ் கான்ஃபிக்ல மாட்யூல நோட்நெக்ஸ்ட்னு வச்சு, பேக்கேஜ் ஜேசன்ல டைப் மாட்யூல் போட்டு, பக்கத்து ஃபைல் இம்போர்ட்டெல்லாம் டாட் ஜேஎஸ்னு முடிச்சான், ஃபைல் டிஎஸ்ஸா இருந்தாலும் ஜேஎஸ்னுதான் எழுதணும், அது பாக்க வினோதமா இருக்கும், சரிதான்.

இப்ப ரெண்டு கம்ப்யூட்டர்லயும் என் லேப்டாப்லயும் ஒரே நோட் வெர்ஷன். பேக்கேஜ் ஜேசன்ல எஞ்சின்ஸ்ல அத எழுதி வச்சிருக்கேன். அது சும்மா எச்சரிக்கைதான் குடுக்கும், அதனால எஞ்சின் ஸ்ட்ரிக்ட்னு, பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற என்பிஎம்மோட அமைப்பு ஃபைல் என்பிஎம்ஆர்சில ஒரு வரி சேத்துட்டேன், வேற வெர்ஷன்னா இன்ஸ்டாலே நின்னுரும். வாடில இன்ஸ்டால் கட்டளை போடுறதில்ல, என்பிஎம் சிஐ மட்டும்தான், ஒவ்வொரு பேக்கேஜோட வெர்ஷனும் பதிஞ்சிருக்குற லாக் ஃபைல்ல என்ன இருக்கோ அதுவே அங்கயும் வரும். ஒரு பேக்கேஜோட பெரிய வெர்ஷன ஏத்துறதுக்கு முன்னாடி அதோட பேக்கேஜ் ஜேசனத் தொறந்து டைப்பயும் எக்ஸ்போர்ட்ஸயும் பாக்குறேன், எக்ஸ்போர்ட்ஸ்ல ரிக்வயர்னு ஒரு வழி இருக்கா இல்லையான்னு. ஒரு நிமிஷம் ஆகும்.

புது ப்ரோகிராம வாடில மாத்துறதுக்கு ஐப்பசில ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். காத்து கடுமையா இருந்து மீன்துறைல கடலுக்குப் போற டோக்கன் குடுக்கல, படகெல்லாம் கட்டிக் கெடந்துச்சு. அன்னைக்கு காலைல போய் மாத்திட்டு, அக்காவ உக்கார வச்சு, தராசுல ஐஸ் பாளத்த வச்சு பில் போட்டுப் பாத்தோம். வடக்க இருபது பில், தெக்க போய் இருபது பில். அக்கா ஒவ்வொரு பேப்பரையும் கிழிச்சு நம்பர வாய்விட்டுப் படிச்சாங்க, நான் திரைல பாத்து ஆமான்னேன். சாயங்காலம் ரெண்டையும் சேத்தப்ப நாப்பதும் இருந்துச்சு.